ஜிஜெக் கிட்ட ஒரே ஒரு கேள்வின்னா

ப்ரோ, ஸ்லோவேனியத் தத்துவவாதி ஸ்லாவோய் ஜிஜெக்கோட ஆன்லைன் டாக்ல ஒரு கேள்வி கேக்க சான்ஸ் கெடச்சிருக்கு, 'முதலாளித்துவம் பத்தி என்ன நினைக்கிறீங்க'ன்னு கேக்கலாமான்னு போட்டிருக்கீங்க. வேணவே வேணாம். மனுஷன் மூக்கத் தேச்சுக்கிட்டே நாலு ஜோக் சொல்லி முடிக்கறதுக்குள்ள டைம் போயிடும், உங்க கேள்வி அம்போ.

பெங்களூரு பெல்லந்தூர்ல தான இருக்கீங்க, அங்கேர்ந்தே கேளுங்க. ஸ்டார்பக்ஸ் காபி வெலையிலயே விவசாயிக்கு உதவின புண்ணியத்தையும் சேத்து வித்துடறாங்க, வாங்கறவனோட குற்ற உணர்ச்சி கவுன்ட்டர்லயே கழிஞ்சிடுதுன்னு அவர் சொல்லுவாருல்ல, அத நம்ம டெலிவரி ஆப்ல பில் போடறப்ப வர்ற தானம் டிக்கோட சேத்துப் பாருங்க. நான் டிக் போட்டுட்டு சோபால உக்காந்திருக்கேன், பால் பாக்கெட் கொண்டு வர்றவரு கீழ சர்வீஸ் லிஃப்ட்டுக்காக நிக்கறாரு, ஏன்னா எங்க அபார்ட்மென்ட்ல மெயின் லிஃப்ட்ல அவரு ஏறக் கூடாதாம் (இத அசோசியேஷன்ல கேட்டா 'செக்யூரிட்டி'ன்னு ஒரே வார்த்தை). 'டிக்க எடுத்துட்டா அவருக்கு என்ன மாறும், இன்னிக்கு சாயங்காலம் நான் என்ன செய்யணும்?'னு கேளுங்க. அவசரப்பட்டு எதும் செய்யாத, முதல்ல யோசின்னு நழுவுவாரு, அது அவரோட பழைய வசனம். விடாதீங்க, யோசிக்க எனக்கு டைம் இருக்கு, பால் கொண்டு வர்றவருக்கு டெலிவரிக்குப் பத்து நிமிஷம்தான்னு சொல்லுங்க.

இல்லன்னா, 'சார்னு கூப்பிடாத, நாமெல்லாம் ஃப்ரெண்ட்ஸ்'னு சொல்லிட்டு சனிக்கிழம ராத்திரி கால் போடற மேனேஜர் பத்திக் கேளுங்க. கண்டிப்பான முதலாளிய விட நண்பன் மாதிரி நடிக்கறவன எதுக்கறதுதான் கஷ்டம்னு அவரே பேசறவரு, அப்ப எப்படித்தான் எதுக்கறதுன்னு மடக்கலாம்.

ஏஐ பத்திக் கேக்க வேணாம், எல்லாரும் அதத்தான் கேப்பாங்க.