படத்தில் வண்டிப்பாதை, தரையில் மக்காச்சோளம்

பிர்கா சர்வேயராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது, யாரும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்ச்சாலைகளை வரைந்துவரும் நம் பத்தியாளர் வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் கிராமச் சாலைகளை வரைகிறேன். அரசின் இ-சேவைத் தளத்தில் எடுத்த புல வரைபடத்தில் ஒரு வண்டிப்பாதை இருக்கிறது. செயற்கைக்கோள் படத்திலோ அந்த இடம் வயலாகத் தெரிகிறது. எதை நம்பி வரைவது?
- கல்லூரி மாணவர், துறையூர்

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள் தம்பி, நேரில் போய்ப் பாருங்கள். புல வரைபடம், அதாவது எஃப்.எம்.பி., ஒரு சர்வே எண்ணில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று சொல்கிற தாள். ஜி லைன் என்ற அடிப்படைக் கோடு போட்டு, அதிலிருந்து ஆஃப்செட், அதாவது செங்குத்துத் தூரம், எடுத்து வரைந்தது. வரப்புத் தகராறு என்று வந்தால் முதலில் அதைத்தான் விரிப்போம். ஆனால் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் அதில் கிடையாது. செயற்கைக்கோள் படத்தின் மேல் அப்படியே வைத்துப் பொருத்த வராது. அதில் பாதை என்று இருந்தால் அந்த நிலம் பாதைக்கென விடப்பட்டது என்று பொருள். இன்று அதில் வண்டி போகிறதா என்பதை அந்தத் தாள் சொல்லாது.

ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் ‘வண்டிப்பாதை’ என்று எழுதியிருக்கும். அளக்கும் செயினை எடுத்துக்கொண்டு போனால் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஆளுக்குப் பாதியாக உழுது மக்காச்சோளம் போட்டிருப்பார்கள். “இந்தப் பக்கம் யாருமே வர்றதில்லீங்க சார்” என்பார்கள். சோளம் நின்றால் எப்படி வருவார்கள்? இதைச் சாலையாக வரைந்துவிட்டால், படத்தை நம்பி வருகிற ஆம்புலன்ஸ் வரப்பில் நிற்கும். ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லித் தாசில்தாருக்குத் தாராளமாக மனு எழுதுங்கள். அதை வரைபடத்தில் எழுதாதீர்கள்.

பாதி தூரத்துக்குத் தடம் இருந்தால் அந்தப் பாதியை மட்டும் ‘ட்ராக்’, அதாவது வண்டித்தடம், என்று குறியுங்கள். கைப்பேசியில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டு நடங்கள். செயற்கைக்கோள் படமே சில மீட்டர் விலகி உட்கார்ந்திருப்பதுண்டு, உங்கள் தடத்தோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தென்னந்தோப்புக்குள் ஜிபிஎஸ் தள்ளாடும் என்பதால் போகும்போதும் வரும்போதும் பதிவு செய்வது நல்லது.

இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது என்பதற்காக எந்த வரைபடத்தையும் ஒற்றியெடுத்துவிட முடியாது. திறந்த உரிமம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால், எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் எந்த அரசு ஆவணத்தைத்தான் பயன்படுத்துவது?
- ஆசிரியை, பெரம்பலூர்

பதில்: சில உண்டு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துக்காகத் திரட்டிய வரைபடத் தரவை மத்திய ஊரக வளர்ச்சித் துறை 2022இல் பொதுவில் வெளியிட்டது. கிராமச் சாலைகள், குடியிருப்புகள், பள்ளி, மருத்துவமனை போன்ற வசதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவதுபோல மொத்தமாக ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே யாரோ வெயிலில் அலைந்து வரைந்த சாலைமேல் இன்னொரு சாலை வந்து படியும். உரிமத்தையும் ஏற்றும் முறையையும் முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இந்தியத் தன்னார்வலர் குழுவிடம் பேசிவிடுங்கள். அங்குள்ள விதியும் அதுதான்.

அரசிதழில் வெளியான அறிவிக்கைகளை எடுத்தாள 1957 பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அரசு வெளியீடுகளுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டுகள். எனவே 1950களில் அச்சான சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்கள் இன்று பொதுச்சொத்து. ஏரி, ஓடை, குன்று ஆகியவற்றின் பெயர்களுக்கு அவை புதையல். சாலைக்கு அவற்றைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வழியே போகும் நெடுஞ்சாலையைப் பெரியவர்கள் ‘என்ஹெச் 7’ என்கிறார்கள். செயலியில் 44 என்று இருக்கிறது. எது சரி?
- கடைக்காரர், திண்டுக்கல்

பதில்: 44. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010இல் புது எண் கொடுத்தார்கள். பழைய எண்ணையும் அழித்துவிடாதீர்கள், அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அதில் எழுதுங்கள். எது எந்த வகைச் சாலை என்று குழப்பமாக இருந்தால் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

கேள்வி: இப்படி வரைய அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?
- வாசகர், அரியலூர்

பதில்: வேண்டாம். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் இந்தியர்களுக்கு அந்தத் தேவையை நீக்கிவிட்டன. பாதுகாப்பு தொடர்பான சில விவரங்களை மட்டும் குறிக்கக் கூடாது.

கேள்வி: கூகுள் மேப்பைப் பார்த்துத் தெருப்பெயர் எழுதலாமா?
- வாசகி, மணப்பாறை

பதில்: கூடாது, அது அவர்கள் சொத்து. தெருமுனைப் பலகையைப் படியுங்கள். பலகையை போஸ்டர் மறைத்திருந்தால் தபால்காரரைக் கேளுங்கள்.