சைட் ஷெட்டில் காய்ச்சல் பரவினால் யார் பொறுப்பு?

கேள்வி: ராமேஸ்வரத்தில் ஒரு பெரிய லாட்ஜ் கட்டட வேலையில் மேஸ்திரியாக இருக்கிறேன். நம்ம ஊர் ஆட்களும் ஒடிசா பையன்களுமாக அறுபது பேருக்கு மேல் வேலை செய்கிறோம், எல்லோரும் ஒரே கான்ட்ராக்டரின் ஆட்கள். பையன்கள் சைட்டிலேயே தகர ஷெட்டில் தங்கியிருக்கிறார்கள். போன வாரம் நான்கு பேருக்குக் குளிர்காய்ச்சல். அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கு மலேரியா என்றார்கள். அந்த இரண்டு பேரையும் கான்ட்ராக்டர் சம்பள பாக்கியைக் கொடுக்காமலேயே ரயிலேற்றிவிட்டார். "கொசு கடிச்சதுக்கு நான் என்ன பண்ண முடியும், ஷெட்டைச் சுத்தமா வச்சுக்கங்க" என்கிறார். லாட்ஜ் முதலாளியோ, கான்ட்ராக்டரைக் கேள் என்கிறார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நஷ்டஈட்டில் ஆரம்பிக்காதீர்கள், உங்கள் தரப்பில் பலவீனமான இடம் அதுதான். வேலையால் வரும் நோய்களுக்கென்று பழைய இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது, அதன் இடத்தில் வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தொற்றுநோயும் அதில் உண்டு. ஆனால் தொற்றும் ஆபத்து அந்த வேலைக்கே உரியதாக இருக்க வேண்டும்: மருத்துவமனை, ஆய்வகம், கால்நடை வேலை மாதிரி. ராமேஸ்வரம் தீவுக்கு மலேரியா புதிதல்ல. கிணறு, தொட்டி, தென்னந்தோப்பில் தண்ணீர் மொள்ளத் தோண்டும் ஊற்றுக்குழி என்று கொசுவுக்கு வெளியிலும் இடம் இருக்கிறது. கடித்த கொசு சைட்டில்தான் பிறந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்.

உங்கள் பலம் அந்த ஷெட்டிலும் தண்ணீரிலும் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமே, தங்குமிடம் கொடுத்தால் வாடகை வாங்கக் கூடாது, சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் தனி இடமும் கழிப்பறையும் வேண்டும் என்றது. குடிதண்ணீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்தும் துவைக்கும் இடத்திலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அளவுகூடச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சுத்தமான தண்ணீர், நெரிசல் இல்லாத இடம், கழிப்பறை ஆகியவை வேலை கொடுப்பவரின் கடமை என்பது இதிலும் அப்படியே இருக்கிறது. சொந்தக் குடியிருப்பு, செலவும் 50 லட்சத்துக்குள் என்றால் தப்பிக்க வழியுண்டு. லாட்ஜுக்கு அது கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளர் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இந்த வசதிகளுக்கு முதன்மை வேலையளிப்பவரே, அதாவது வேலையைக் கான்ட்ராக்ட் விட்டவரே பொறுப்பு. ஆக, லாட்ஜ் முதலாளி கையை உதறிவிட முடியாது.

"ஷெட்டைச் சுத்தமா வச்சுக்கங்க" என்ற பேச்சுக்கு வருவோம். சைட்டில் கொசு எங்கே பிறக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். கான்கிரீட் போட்ட தளத்தில் கலவையால் வரப்புக் கட்டி, ஏழு நாள் பத்து நாள் தண்ணீர் தேக்கி வைக்கிறீர்கள். முட்டை கொசுவாகிப் பறக்கவும் கிட்டத்தட்ட அதே ஏழு முதல் பத்து நாள்தான். லிஃப்ட் குழியில் மழைத்தண்ணீர், மூடி போடாத சம்ப், நிலத்தடி நீர் உப்பு என்பதால் லாரித் தண்ணீரை வாங்கி நிரப்பிய டிரம் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கும் பையன்கள் ஷெட்டைப் பெருக்குவதற்கும் என்ன சம்பந்தம்? கான்கிரீட் இறுக இப்படி ஈரமாக வைக்கும் கியூரிங்கை நிறுத்தச் சொல்லவில்லை. நான்கைந்து நாளைக்கு ஒருமுறை தேங்கிய தண்ணீரை வழித்து வெளியேற்றிவிட்டுப் புதிதாக விடலாம், அல்லது ஈரச்சாக்கு போடலாம். டிரம்மை மூட வேண்டும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதை நீங்கள் வாயால் சொன்னால் நடக்காது. நகராட்சி சுகாதார ஆய்வாளர் சொன்னால் நடக்கும். 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டப்படி, கொசு பெருகும் தண்ணீரை அகற்ற அவர்கள் நோட்டீஸ் கொடுக்கலாம். செய்யாவிட்டால் அவர்களே செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். கோர்ட்டைவிட இது வேகமான வழி. எழுத்தில் மனு கொடுங்கள். தளம், குழி, டிரம் மூன்றையும் தேதியோடு போட்டோ எடுத்து இணையுங்கள், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைச் சீட்டின் நகலையும் வையுங்கள். அதே மனுவின் இன்னொரு பிரதியைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். பத்துப் பேர் போட்டால் ஒருவரை மட்டும் குறிவைத்து வேலையிலிருந்து நிறுத்துவது கான்ட்ராக்டருக்குக் கஷ்டம்.

போலீஸில் புகார் கொடுக்கலாமே என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். அலட்சியத்தால் தொற்று பரப்புவதற்குத் தண்டனைப் பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் இந்த நிலையில் அதைத் தொட்டால் சைட்டில் பகை மட்டும்தான் மிஞ்சும்.

அப்புறம், ஊருக்கு அனுப்பப்பட்ட இரண்டு பேர். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இங்கேதான். காய்ச்சலில் படுத்த நாளுக்கு தினக்கூலி ஆளுக்குச் சம்பளம் கேட்பது சுலபமல்ல. உழைத்த நாளுக்கான கூலி அப்படியல்ல. வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலைநாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் முதலாளி கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ளட்டும். உங்கள் ஆள்கணக்கு நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே இருக்கும் நாட்களைப் படமெடுத்து வையுங்கள். அந்த நோட்டைக் கான்ட்ராக்டர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். பையன்களிடம் போனில் பேசி, கூலி கேட்க உங்களுக்கு அதிகாரம் தருவதாகக் கையெழுத்திட்ட கடிதமும் வங்கிக் கணக்கு விவரமும் வாங்கி, ராமநாதபுரத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.

அவர்களிடம் பேசும்போது இன்னொன்றையும் கேளுங்கள். வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் பிரைமாக்குயின் மாத்திரை 14 நாள் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டால் கிருமி ஈரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். பாதியில் ரயிலேற்றப்பட்டவர்களிடம் மிச்ச மாத்திரை இருக்கிறதா, சீட்டு இருக்கிறதா என்று கேட்டு, ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். சைட்டில் மிச்சம் இருப்பவர்களுக்கும் இங்கேயே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம், அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது.