மண்டியில் அழுத மாப்பிள்ளை

கேள்வி: பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோன என் மாப்பிள்ளை, அன்றைய விலையைக் கேட்டதும் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். கூடப் போன என் பேரனும் பார்த்திருக்கிறான். ஊரில் தலைகாட்ட முடியவில்லை. ‘சிரிக்கிற பெண்ணையும் அழுகிற ஆணையும் நம்பாதே’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இவர் எப்படிக் குடும்பம் நடத்துவார்? என் மகளோ அவர் பக்கம் பேசுகிறாள். ஆண்பிள்ளை அழலாமா என்று உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதுங்கள். மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மாரண்டஅள்ளி

பதில்: உறைக்கிற மாதிரியே எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மாரண்டஅள்ளிக்காரரான உங்களுக்குத் தக்காளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மாப்பிள்ளையின் கண்ணீர் இருக்கிறதே தவிர தக்காளி இல்லை. நாற்று வாங்கி நட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, குச்சி ஊன்றிக் கொடியைக் கட்டி, வாரா வாரம் மருந்தடித்து, இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தால்தான் முதல் பறிப்பு. அதற்கப்புறம் பறிப்புக் கூலி, பெட்டி வாடகை, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்ற அதே பழம்தான், வேறொரு மாதத்தில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் மாட்டுக்குக் கொட்டப்படுகிறது. விடிவதற்குள் பெட்டிகளை ஏற்றி மண்டிக்குக் கொண்டுவந்து இறக்கிய மனிதரிடம், அந்த உழைப்புக்கெல்லாம் சேர்த்து ஒரு விலை சொல்கிறார்கள். அவர் அழுதார். சிரித்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

குடும்பம் எப்படி நடத்துவார் என்று கேட்கிறீர்கள். இதுவரை யார் நடத்தினார்கள்? அந்தப் பெட்டிகளை நிரப்பியது குடும்பம் நடத்துவதற்காகத்தானே?

ஒன்று கவனித்தீர்களா? இதே மாப்பிள்ளை மண்டிக்காரரின் சட்டையைப் பிடித்திருந்தால், தராசைத் தள்ளிவிட்டிருந்தால், வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்திருந்தால், எனக்குக் கடிதம் போட்டிருக்க மாட்டீர்கள். ‘மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி’ என்று டீக்கடையில் பாதி பெருமையாகவே சொல்லியிருப்பீர்கள். உணர்ச்சியை வெளியே காட்டக் கூடாது என்று ஆணுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கோபம் என்ற ஒன்றை மட்டும் தாராளமாகக் காட்டு, மற்றதை எல்லாம் முழுங்கு என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். முழுங்கியது எங்கே போகும்? பெரும்பாலும் பெண்டாட்டி முதுகில்தான் வந்து விழும். உங்கள் மகள் ஏன் புருஷன் பக்கம் பேசுகிறாள் என்று இப்போதாவது புரிகிறதா?

அப்புறம், ஆண்பிள்ளை அழவே கூடாது என்பதும் நம் ஊரில் உண்மை இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தர்மராஜா கோயிலில் பாரதம் வைத்தால் நீங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்தானே? பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அபிமன்யு செத்த அன்று அர்ச்சுனன் வேஷக்காரர் எப்படி அழுகிறார்? வில்லுக்கு விஜயன் என்று அவ்வளவு நேரம் மார்தட்டி ஆடிய அதே ஆள், புஜக்கட்டையும் கிரீடமும் குலுங்க, அரிதாரம் கரைந்து கழுத்துக்கு இறங்க, மகனைத் தேடிச் சபையைச் சுற்றி வருகிறார். கர்ண மோட்சம் நடக்கும்போது மணி மூன்றோ நாலோ ஆகியிருக்கும். குந்தியாக வேஷம் கட்டியவரும் ஆண்பிள்ளைதான். செத்துக் கிடக்கிற கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு அவர் ஒப்பாரி எடுக்கும்போது, தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிற பெரிசுகளை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பனிக்குப் போட்ட துண்டு கண்ணுக்கு இறங்கியிருக்கும். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. கூத்து முடிந்து, ‘என்னமா அழவச்சிட்டான்’ என்று வாத்தியாருக்கு நூறு ரூபாய் குத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

டாஸ்மாக் வாசலிலும் அழலாம். ரெண்டு கட்டிங் உள்ளே போனவன் நண்பன் தோளைக் கட்டிக்கொண்டு செத்துப்போன அம்மாவுக்காகக் கதறினால், ‘பாவம், மனசுல வச்சிருந்திருக்கான்’ என்போம். கர்ணனுக்காக அழலாம், தலைவருக்காக அழலாம், குடித்துவிட்டு எதற்கு வேண்டுமானாலும் அழலாம். உங்கள் மாப்பிள்ளை செய்த தப்பு, பட்டப்பகலில், ஒரு சொட்டு குடிக்காமல், தன் சொந்த நஷ்டத்துக்காக அழுததுதான். (குடித்திருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.)

பெரியவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டதால் நானும் ரெண்டு பெரியவர்களைக் கூப்பிடுகிறேன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது மனசில் இருப்பது உடம்பில் வெளிப்படுகிற எட்டு விதங்களைச் சொல்கிறார். நகை, அழுகை என்று ஆரம்பிக்கிற அந்த வரிசையில் பெருமிதமும் வெகுளியும் இருக்கின்றன. அழுகைக்கு நாலு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்துவது, இருந்ததை இழப்பது, நன்றாக இருந்த நிலை கெடுவது, இல்லாமை. நாலும் ஒன்றாக வந்து நிற்கிற இடத்துக்கு மண்டி என்று பெயர் வைக்கலாம். இதில் ஆண், பெண் என்று அவர் பிரிக்கவில்லை. நம் தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) அதியமான் செத்தபோது பாடியழுதவர் ஔவையார். ‘அவர் பெண்பிள்ளை’ என்பீர்கள். சரி, பாரி செத்தபோது? பறம்பு மலையைக் கும்பிட்டு, ‘நீர்வார் கண்ணேம்’, அதாவது கண்ணீர் வழியப் போகிறோம் என்று புறநானூற்றில் பாடியவர் கபிலர். அவரை யாரும் ‘பொம்பளை மாதிரி’ என்று சொன்னதாகத் தெரியவில்லை.

பழமொழிக்கு வருகிறேன். அதில் நீங்கள் பிடித்துக்கொண்டது பின்பாதி. முன்பாதியைக் கவனியுங்கள், அது உங்கள் மகளுக்கு. மகள் வாய்விட்டுச் சிரித்தால் நம்பக் கூடாது, மாப்பிள்ளை மனம்விட்டு அழுதால் நம்பக் கூடாது. ரெண்டு பேரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாழ்ந்தால் உங்களுக்கு நிம்மதியா?

2019 செப்டம்பர் 7-ஆம் தேதி, நிலாவில் இறங்க வேண்டிய சந்திரயான்-2 லேண்டரோடு தொடர்பு அறுந்துபோன அன்று காலை, அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன் நாடே டிவியில் பார்க்க அழுதார். அதற்காக அவருக்கு ராக்கெட் விடத் தெரியாது என்று யாராவது முடிவு கட்டினார்களா?

பேரன் பார்த்துவிட்டானே என்று வருத்தப்படுகிறீர்கள். பார்த்தது நல்லதுதான். கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட அஞ்சு வயதுப் பையனிடம் ‘ஆம்பளப் பையன் அழக் கூடாதுடா’ என்று நாம் ஆரம்பிக்கிறோம். அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை அவன் அவ்வளவாக நம்பமாட்டான்.

கடைசியாக ஒரு கணக்கு, இதில் எனக்கு எகத்தாளம் இல்லை. 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பத்தில் ஏழு பேர் ஆண்கள். அழாததால்தான் செத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொன்றுக்கும் பல காரணங்கள் இருக்கும். ஆனால் தாங்க முடியவில்லை என்று யாரிடமாவது சொல்கிறவரை நம்மால் பிடித்துவைக்க முடியும். உங்கள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார், வாயால் இல்லாவிட்டாலும். ஊர் சிரிக்கிறது என்று நீங்களும் சேர்ந்து சிரித்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்.

அதனால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுவது இரண்டாம் பட்சம். முதலில் நீங்கள் நேரில் போங்கள். ‘அழாதீங்க மாப்பிள்ளை’ என்று ஆரம்பிக்காதீர்கள். மருந்துக்கடையில் எவ்வளவு பாக்கி, மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறாரா, அடுத்த நடவுக்குக் கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். முடிந்ததைக் கொடுங்கள். முகம் தெளியாமல், ராத்திரி தூக்கமில்லாமல், ‘நான் இருந்து என்ன’ என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். 104-க்கோ (தமிழக அரசின் மருத்துவ உதவி எண்) 14416-க்கோ (டெலி மானஸ் மனநல உதவி எண்) போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள். காசு கிடையாது.