'முந்தின நாள் ஒரு எஸ்எம்எஸ் போகணும்': தேவை ஆவணம் எழுதுவோரின் கேள்விகள்

மென்பொருளில் புதிய வசதி ஒன்றைக் கட்டத் தொடங்கும் முன் எழுதப்படும் தேவை ஆவணம், அதாவது அலுவலகங்களில் பி.ஆர்.டி. என்று சொல்லப்படுவது, பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். முதல் கேள்வியில் வரும் வசதியையே மற்ற பதில்களிலும் உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஆறு வருடம் டெவலப்பராக இருந்தேன், இப்போது ப்ராடக்ட் மேனேஜர். சிறு மருத்துவமனைகளுக்கான முன்பதிவு மென்பொருள் எங்களுடையது. 'அப்பாயின்ட்மென்ட் இருக்கிறவங்களுக்கு முந்தின நாள் ஒரு எஸ்எம்எஸ் போகணும்' என்றார் மேலாளர். அதற்கு 22 பக்கத்தில் பி.ஆர்.டி. எழுதினேன். யாரும் முழுதாகப் படிக்கவில்லை. கட்டி முடித்தபோது பாதி தவறாக இருந்தது. எதை எழுதுவது, எதை விடுவது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்த அளவு வசதிக்கு மூன்று, நான்கு பக்கம் போதும். நிறுவன அறிமுகம், சந்தை நிலவரம், திரையில் எந்தப் பொத்தான் எங்கே என்ற வர்ணனை எல்லாம் உள்ளே வரும்போதுதான் 22 பக்கம் ஆகிறது. கட்டுகிறவர் எந்த இடத்தில் ஊகிக்க நேருமோ அந்த இடத்துக்கே பக்கத்தைச் செலவிடுங்கள்.

முதல் பத்தியில் பிரச்சினை வரட்டும். எஸ்எம்எஸ் அனுப்புவது தீர்வு. முன்பதிவு செய்தவர்கள் வராமல்போய் மருத்துவரின் நேரம் வீணாவது பிரச்சினை. அதை எண்ணோடு எழுதுங்கள்: கடந்த நான்கு வாரத்தில் எத்தனை முன்பதிவு, அதில் எத்தனை பேர் வரவில்லை? மென்பொருளில் அந்தக் கணக்கு இல்லையென்றால் வரவேற்பு மேசையின் பதிவேட்டைப் பாருங்கள். வசதி வெளியான பிறகு பழைய நிலையை அளக்க வழியில்லை. பக்கத்திலேயே இலக்கு: 100-க்கு 18 பேர் வராமல் இருந்தால், எட்டு வாரத்துக்குள் 12 ஆக வேண்டும் என்பதுபோல. கூடவே, இதனால் எது கெட்டுவிடக் கூடாது என்றும் ஒரு வரி எழுதுங்கள். 'எஸ்எம்எஸ் புரியாமல் வரவேற்பு மேசைக்கு வரும் அழைப்புகள் கூடக் கூடாது' என்பது இங்கே பொருத்தம்.

அடுத்தது, இந்த முறை செய்யப்போவதில்லை என்ற பட்டியல். வாட்ஸ்அப் இல்லை; பதில் எஸ்எம்எஸ் அனுப்பி ரத்து செய்வது இல்லை; மருத்துவருக்கு நினைவூட்டல் இல்லை. இந்த மூன்று வரி இல்லாததால் இழுபடும் கூட்டங்கள் எத்தனையோ.

பிறகு தேவைகள். வரிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு தேவையை நீக்கினாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். டெஸ்டரின் சோதனைப் பட்டியலும் பக் (பிழை) பதிவுகளும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

உங்கள் வசதி பாதி தவறாகப் போனது அநேகமாக விளிம்பு நிலைகளில், அதாவது வழக்கத்துக்கு மாறான சூழல்களில்தான் இருக்கும். 'முந்தின நாள் மாலை 6 மணிக்கு' என்று எழுதியிருப்பீர்கள். இன்று காலை பதிவு செய்து இன்று மாலையே வருகிறவருக்கு முந்தின நாள் மாலை ஏற்கெனவே போய்விட்டது. அவருக்கு உடனே அனுப்புவதா, அனுப்பாமலே விடுவதா? ஒரே கைபேசி எண்ணில் தாத்தா, பாட்டி, பேரன் மூவருக்கும் பதிவு இருந்தால் மூன்று செய்தியா, ஒன்றா? மருத்துவர் திடீரென விடுப்பு எடுத்து 40 முன்பதிவுகள் வேறு நாளுக்கு மாறினால், அனுப்பக் காத்திருக்கும் பழைய நினைவூட்டல்கள் என்ன ஆகும்? அனுப்புவது தோற்றால் எத்தனை முறை, எந்த நேரம் வரை மறுபடி முயல்வது? சந்திப்பு முடிந்தபின் வந்துசேரும் நினைவூட்டல், வராததைவிட மோசம். வேலை நடுவில் சர்வர் நின்று மறுபடி கிளம்பினால் அதே ஆளுக்கு இரண்டாவது முறை போகலாம். 'ஒரு முன்பதிவின் ஒரு நேரத்துக்கு ஒரு நினைவூட்டல்தான்' என்பதைத் தனித் தேவையாக எழுதுங்கள்.

'6 மணி' என்பதோடு இந்திய நேரம் என்றும் சேருங்கள். பல சர்வர்கள் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். சர்வரின் 18:00 என்று வைத்துவிட்டால் நோயாளியின் கைபேசி இரவு 11:30-க்கு ஒலிக்கும்.

செய்தியின் வாசகம் முதல் நாளிலேயே ஆவணத்தில் இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால் காசும் நாளும் போகும். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து கொள்ளும். தமிழில் வெறும் 70 அலகு. இந்தக் கணக்கில் புள்ளியும் துணைக்குறியும் தனி அலகு. 'மருத்துவர்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்குப் பத்து. இந்த வரியைப் பாருங்கள்: 'நாளை காலை 10:30 மணிக்கு உங்கள் மருத்துவர் சந்திப்பு. ரத்து செய்ய அழைக்கவும்.' இடைவெளியும் சேர்த்து 76 அலகு. அதனால் இரண்டு செய்தியாக உடையும், கட்டணமும் இரண்டுக்கு. 'உங்கள்' என்ற சொல்லை எடுத்தால் 69-இல் அடங்கும். ஆனால் மருத்துவமனையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இன்னும் சேரவில்லை. உடைந்த செய்தியில் ஒரு துண்டுக்கு 67 அலகுதான் கிடைக்கும் என்பதால், இரண்டு துண்டுக்கு 134. 'செய்தி 134 அலகுக்குள் இருக்க வேண்டும், பெயர் எவ்வளவு நீளமானாலும்' என்று எழுதி, அதற்கான மாதச் செலவுக்கு ஒப்புதல் வாங்குவதே இங்கே சரியான வழி.

இந்தியாவில் வணிகச் செய்திகளுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை பொருந்தும். அனுப்பும் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் டெம்ப்ளேட் (வாசக மாதிரி) மூன்றையும், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதற்காக நடத்தும் டிஎல்டி தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவான வாசகத்திலிருந்து மாறிய செய்தியைத் தொலைத்தொடர்பு நிறுவனம் தடுத்துவிடும். ரிலீஸுக்கு முந்தைய நாள் ஒரு சொல்லை அழகுபடுத்தினால்கூட மறுபடி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். எனவே வாசகத்தை முடிவு செய்பவர் யார், எந்தத் தேதிக்குள் என்பதும் ஆவணத்தில் வர வேண்டும்.

இன்னொன்று, இதை எந்த மாதிரி ஆவணமும் உங்களுக்குச் சொல்லாது. மகப்பேறு, மனநலம் போன்ற பிரிவின் பெயர் செய்தியில் இருக்கக் கூடாது. பூட்டிய திரையிலேயே எஸ்எம்எஸ் தெரியும். பதிவில் இருக்கும் எண் பல வீடுகளில் மகனுடையதோ அண்டை வீட்டாருடையதோ. ஒருவரின் உடல்நலச் செய்தி அவர் விரும்பாதவர் கண்ணில் பட்டால், அதைப் பிறகு எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது.

கேள்வி: நான் டெஸ்டர். 'பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும்', 'பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எதை வைத்துச் சோதிப்பது?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: திருப்பி அனுப்புங்கள், ஆனால் மாற்று வரியோடு அனுப்புங்கள். 'வேகமாக' என்பதற்கு நான்கு விவரம் தேவை: எந்தச் செயல், எந்தச் சூழல், எவ்வளவு நேரம், எத்தனை முறைக்கு எத்தனை முறை. 'வரவேற்பு மேசையில் அன்றைய பட்டியலைத் திறந்தால், 300 முன்பதிவு உள்ள நாளில், 4ஜி இணைப்பில், 100-க்கு 95 முறை 2 விநாடிக்குள் முழுப் பட்டியலும் தெரிய வேண்டும்.' சராசரியை ஏற்காதீர்கள். 90 முறை அரை விநாடியும் 10 முறை 12 விநாடியும் ஆனால் சராசரி 1.65 விநாடி, கேட்க நன்றாக இருக்கும், மேசையில் இருப்பவர் மட்டும் பத்தில் ஒரு நோயாளியை நிற்க வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருப்பார்.

'எளிதாக' என்பதை ஒரு வேலையாக மாற்றுங்கள்: இந்த மென்பொருளை முன்பு பார்த்திராத ஐந்து பேரில் நான்கு பேர், யாரும் சொல்லித்தராமல், நினைவூட்டலை நிறுத்திக் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு தேவைக்கும் கீழே மூன்று வரி கேட்டு வாங்குங்கள்: தொடக்க நிலை, நிகழ்வு, விளைவு. 'நாளை 10:30-க்கு முன்பதிவு இருக்கிறது. இன்று 5:50-க்கு அது ரத்தாகிறது. 6 மணிக்கு நினைவூட்டல் போகக் கூடாது.' இந்த மூன்று வரியை எழுத முடியாத தேவை இன்னும் முடிவாகவில்லை என்றுதான் பொருள்.

கேள்வி: எங்கள் குழுவில் பேசுவதெல்லாம் தமிழில், ஆவணம் ஆங்கிலத்தில். பேசும்போது தெளிவாக இருப்பது எழுதினால் குழம்பிவிடுகிறது. என் ஆங்கிலம்தான் காரணமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆங்கிலத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பேச்சுத் தமிழில் எழுவாயை விட்டுவிடுவது நமக்கு இயல்பு. 'ரத்தானா சொல்லணும்' என்றால் கூட்டத்தில் எல்லோருக்கும் புரிந்ததுபோல் இருக்கும். யார் சொல்வது, மென்பொருளா, வரவேற்பாளரா? யாருக்கு, நோயாளிக்கா, மருத்துவருக்கா? ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த எழுவாய் இல்லாத வாக்கியம் செயப்பாட்டு வினையாகி, ஓட்டை அப்படியே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு வரியும் செய்பவரின் பெயரோடு தொடங்கட்டும். இலக்கணப் பிழை இருந்தாலும் டெவலப்பருக்கு வேலை நடக்கும்.

'ணும்' இன்னொரு சிக்கல். 'காட்டணும்' என்பது கட்டாயமா, இருந்தால் நல்லதா என்பது சொல்பவரின் குரலில்தான் தெரியும். எழுத்தில் குரல் கிடையாது. இணைய நெறிமுறைகளை எழுதுவோருக்காக 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 இதைத்தான் ஒழுங்குபடுத்தியது: 'மஸ்ட்' என்றால் விலக்கே இல்லை, 'ஷுட்' என்றால் தகுந்த காரணமிருந்தால் விடலாம், 'மே' என்றால் விருப்பம். மூன்று சொல்லையும் அதே பொருளில் பயன்படுத்துங்கள், 'வில்' என்று எழுதாதீர்கள். விவாதம் நடந்த தமிழ் வாக்கியத்தையும் அடைப்புக்குறியில் சேர்த்துவைப்பதில் தவறே இல்லை. உங்கள் குழுதானே படிக்கப்போகிறது.

கேள்வி: அஜைல் முறையில், அதாவது சிறு சிறு பகுதிகளாகக் கட்டி வெளியிடும் முறையில், ஆவணம் தேவையில்லை என்கிறாரே எங்கள் டீம் லீட்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: 2001-இல் எழுதப்பட்ட அஜைல் அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளுக்கு அதிக மதிப்பு என்கிறது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கையில் இருக்கிறது. முழுத் திட்டத்துக்கும் ஒரே தடவையில் எழுத வேண்டாம். அடுத்த இரண்டு ஸ்பிரின்ட்டில் (சில வாரங்கள் கொண்ட வேலைச் சுற்றில்) கட்டப்போவதை மட்டும் விவரமாக எழுதுங்கள், மற்றது தலைப்பளவில் நிற்கட்டும்.

கேள்வி: ஒப்புதல் வாங்கிய ஆவணத்தைப் பாதியில் மாற்றச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பிரதி. எப்படிச் சமாளிப்பது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பிரதி ஒன்றே இருக்கட்டும், மின்னஞ்சலில் கோப்பாக அனுப்பாமல் இணைப்பை மட்டும் அனுப்புங்கள். ஆவணத்தின் முதல் பக்கத்தில் மாற்றப் பதிவு: தேதி, தேவை எண், முன்பு என்ன, இப்போது என்ன, ஏன், முடிவெடுத்தவர் யார். இதில் 'ஏன்' என்ற கட்டத்தைத்தான் பலர் காலியாக விடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே மாற்றத்தை வேறொருவர் திருப்பிக் கேட்கும்போது தேடப்படுவது அந்தக் கட்டம்தான்.

மாற்றம் கேட்பவரிடம் மறுக்கும் முன், அதன் விலையைக் காட்டுங்கள். 'சந்திப்புக்கு 2 மணி நேரம் முன்னும் ஒரு செய்தி' என்றால் எஸ்எம்எஸ் செலவு இரட்டிப்பு, ஏழு சோதனைகள் கூடுதல், ரிலீஸ் நான்கு நாள் தள்ளும் என்பதுபோல் டெவலப்பரிடமும் டெஸ்டரிடமும் கேட்டு எழுதுங்கள். பதிலுக்கு எந்தத் தேவையைத் தள்ளிவைப்பது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பாதியில் மாற்றம் வருவதற்குப் பெரிய காரணம், ஒப்புதல் தந்தவர்கள் படிக்காமல் தந்தது. அமேசானில் கூட்டம் தொடங்கியதும் ஆறு பக்கத்துக்கு மிகாத குறிப்பை எல்லோரும் அமைதியாகப் படிக்கிறார்கள். பேச்சு அதற்குப் பிறகுதான். உங்கள் நான்கு பக்கத்துக்கு 20 நிமிடம் போதும். டெவலப்பர், டெஸ்டர், மேலாளரோடு வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் ஒருவரையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். ஒரே எண்ணில் மூன்று நோயாளிகள் வருவதை முதலில் சொல்லப்போகிறவர் அவர்தான்.