மேடையில வாசிக்க பாரம் குறைஞ்ச, விலையும் கட்டுப்படியாகிற கீபோர்ட் எது வேண்டலாம்?

தம்பி கேட்டது இதுதான். புதுக்குடியிருப்பில இருந்து ஒரு சின்ன இசைக்குழுவோட கோயில் திருவிழா, ஒளிவிழா, கலியாண வீடு எண்டு போறாராம், கீபோர்டை மோட்டச்சைக்கிள்ல கொண்டு போகோணுமாம், கையில ஒண்டரை லட்சம் இருக்குதாம், யமஹா பி.எஸ்.ஆர் ஈ373 வேண்டுறதா கேசியோ சி.ரி-எஸ்300 வேண்டுறதா எண்டு குழப்பமாம்.

ரெண்டில ஒண்டு சொல்லியே ஆகோணும் எண்டா நான் கேசியோ சி.ரி-எஸ்300 எண்டுதான் சொல்லுவன். ஆனா பழசு வேண்ட உங்களுக்கு மனமிருந்தா அதுக்கு முதல் ரோலண்ட் எக்ஸ்.பி.எஸ்-10 ஒண்டு நல்ல நிலைமையில வவுனியாவிலயோ யாழ்ப்பாணத்திலயோ கிடைக்குதோ எண்டு தேடிப் பாருங்கோ. விலை நான் எழுதேல்லை, அது டொலரோட சேந்து ஆடுற சாமான், இண்டைக்கு எழுதினா அடுத்த மாசம் வந்து எனக்குத்தான் பேச்சு விழும்.

கடைக்குப் போனா எல்லாரும் முன்பக்கத்தைத்தான் பாக்கிறவை, 400 சவுண்ட் இருக்கு, 600 சவுண்ட் இருக்கு எண்டு கடைக்காரரும் அதைத்தான் தட்டித் தட்டிக் காட்டுவார். நான் சொல்லுறது கீபோர்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கோ எண்டு. அங்க என்ன ஜாக் இருக்கு, கறண்ட் எப்பிடி எடுக்குது எண்டதுதான் எங்கட மேடையளில உங்களைக் காப்பாத்தும், இல்லாட்டிக் கவுக்கும். அறுநூறு சவுண்டில நீங்கள் மேடையில தொடப் போறது பியானோ, ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், நாதஸ்வரம், ஓர்கன், பெல், மிஞ்சிப் போனா இன்னும் நாலைஞ்சு.

முதல் ஜாக். எஸ்300ல பின்னுக்கு இருக்கிறது போனுக்கு குத்துற மாதிரி 3.5 மில்லிமீற்றர் சின்ன ஓட்டை, ஈ373ல இருக்கிறது 6.3 மில்லிமீற்றர் பெரிய ஓட்டை, ஆனா ரெண்டுமே ஹெட்போனுக்கும் வெளியில சவுண்ட் எடுக்கவும் சேத்து ஒரே ஓட்டைதான், அதுவும் ஸ்டீரியோ, இடப்பக்கச் சவுண்டும் வலப்பக்கச் சவுண்டும் ஒரே ஓட்டையால வரும். இஞ்சதான் கன பேர் மாட்டுப்படுறது. சவுண்ட்ஸ்காரர் தன்னட்ட கிடக்கிற, ரெண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ வயர் ஒண்டை எடுத்து ஒரு பக்கம் கீபோர்டிலயும் மற்றப் பக்கம் மிக்சரிண்ட ஒரு லைன் ஓட்டையிலயும் குத்திவிடுவார். மிக்சரில அந்த ஓட்டை பலன்ஸ்ட் எண்டதால அது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையில உள்ள வித்தியாசத்தைத்தான் எடுக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வாற சவுண்ட் ஒண்டையொண்டு வெட்டி இல்லாமப் போயிடும், பிறகு பியானோ எங்கயோ கிணத்துக்குள்ள கிடக்கிற மாதிரிக் கேக்கும், எக்கோ மட்டும் மிதக்கும். எல்லாரும் கீபோர்ட் பழுது எண்டு நினைப்பினம். கீபோர்டில ஒரு பிழையும் இல்லை. இதுக்கு வேண்டியது ஒரு பக்கம் ஸ்டீரியோ பின், மற்றப் பக்கம் ரெண்டு மோனோ பின்னாப் பிரியிற ஒரு வயர். ரெண்டையும் மிக்சரில ரெண்டு சனலில குத்துங்கோ, ஒரு சனல்தான் மிச்சம் எண்டா ரெண்டில ஒண்டை மட்டும் குத்துங்கோ. சவுண்ட்ஸ்காரரட்ட இருக்கும் எண்டு நம்பிப் போகாதீங்கோ, உங்கட பையுக்குள்ள கிடக்கோணும், ரெண்டு கிடந்தா இன்னும் நல்லம்.

எக்ஸ்.பி.எஸ்-10ஐ நான் முதல்ல சொன்னதுக்கு ஒரு காரணம் இதுதான். அதில இடத்துக்கு எல், வலத்துக்கு ஆர் எண்டு தனித்தனிப் பெரிய ஜாக் இருக்கு, எல்லில மட்டும் ஒரு சாதாரண மோனோ வயரைக் குத்தினா முழுச் சவுண்டும் மோனோவா வந்திடும், ஊரில எந்த சவுண்ட் செட்டோடயும் கதை முடிஞ்சுது. பாரமும் 4 கிலோதான். ஒரு நேரத்தில 128 நோட் ஒலிக்கும், ஈ373லயும் எஸ்300லயும் அது 48, அதால கீயை விட்ட பிறகும் சவுண்டை நீட்டுற சஸ்டெயின் பெடலை மிதிச்சுக்கொண்டு ஸ்ட்ரிங்ஸும் பியானோவும் சேத்துப் போடேக்க முதல் பிடிச்ச நோட் இடையில அறுந்து போற பிரச்சினையும் குறைவு. ஆனா அதில ஸ்பீக்கர் இல்லை, வீட்டில பழகிறதெண்டாலும் ஹெட்போனோ ஸ்பீக்கரோ வேணும், அதோட கோர்ட்டைப் பிடிச்சவுடன ட்ரம்ஸ், பேஸ் எல்லாம் தானா ஓடுற ஸ்டைல் வேலை அதில நடக்காது. உங்கட குழுவில ட்ரம்ஸோ, தட்டி வாசிக்கிற எலக்ட்ரோனிக் ட்ரம்ஸான ஒக்ரபாட்டோ வாசிக்க ஆள் இருந்தா எக்ஸ்.பி.எஸ், நீங்கள் தனி ஆளா ஒரு பாட்டுக்காரரோட போறீங்கள் எண்டா ஸ்டைல் உள்ள யமஹாவோ கேசியோவோதான்.

அடுத்தது கறண்ட். எங்கட பக்கம் கோயில் வீதியில ஜெனரேட்டரில மேடை ஓடேக்க லைட் எல்லாம் ஒரேயடியாப் போட்டா வோல்ற்றேஜ் இறங்கும், நிப்பாட்டினா ஏறும், பிளக்கில ஆராவது காலைத் தட்டிக் கழட்டியும் விடுவினம். அதால பற்றரியில ஓடுற கீபோர்ட் எனக்கு எப்பவும் விருப்பம். ஈ373க்கும் எஸ்300க்கும் 6 பென்ரோர்ச் பற்றரி போதும், சாச் பண்ணுற நிக்கல் பற்றரியும் போடலாம். ஒண்டைக் கவனியுங்கோ, பற்றரி உள்ளுக்க கிடக்குதுதானே, அடப்டர் கழண்டாலும் தானா மாறி ஓடும் எண்டு நம்பிக்கொண்டு மேடை ஏறாதீங்கோ. யமஹாவில பற்றரி கிடக்கேக்க அடப்டரைக் கழட்டினாலும் குத்தினாலும் கீபோர்ட் நிண்டு போகலாம். கறண்டில நம்பிக்கை இல்லையெண்டா துவக்கத்தில இருந்தே பற்றரியில ஓடுங்கோ, அடப்டரைக் குத்தவே வேண்டாம்.

இன்னொரு யமஹா விசயம், அரை மணித்தியாலம் ஒண்டும் தொடாம விட்டா தானா ஓஃப் ஆகிற மாதிரிக் கடையில இருந்தே வரும். தலைவர் உரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை எண்டு எங்கட மேடையில அரை மணித்தியாலம் எல்லாம் ஒரு கணக்கே இல்லை. இடப்பக்கக் கடைசிக் கீயை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஓன் பண்ணினா அந்தத் தானா நிக்கிற வேலை நிண்டிடும்.

வெளிநாட்டில இருந்து மாமா, சித்தப்பா ஆரும் கொண்டு வந்து தாறினம் எண்டா அடப்டரில இன்புட் எண்டு எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. 100-240 எண்டு இருந்தா பிரச்சினை இல்லை, பின்னை மட்டும் மாத்தினாச் சரி. 120 எண்டு மட்டும் இருந்தா அது கனடாக் கறண்டுக்கு, எங்கட 230ல குத்தினா அடப்டர் எரியும். யப்பான் பழைய சாமான் எண்டு விக்கிறதும் அப்பிடித்தான், அங்க 100 வோல்ற், அடப்டர் வெளியில உள்ளது எண்டா அதே வோல்ற், அதே அம்பியர், அதே பிளஸ் மைனஸ் உள்ள வேற அடப்டர் போடலாம், பவர் சப்ளை கீபோர்டுக்குள்ளயே இருந்தா கறண்டைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் ஒண்டையும் சேத்துக் காவித் திரியோணும், பிறகு பாரம் குறைஞ்ச கீபோர்ட் வேண்டி என்ன பிரியோசனம். கேசியோ எஸ்300 அடப்டர் 9.5 வோல்ற், யமஹாவிண்ட 12 வோல்ற், குழுவில ரெண்டு பேர் இருந்தா மாறிக் குத்திப்போடாதீங்கோ.

பற்றரியும் ஓடோணும், எல் ஆர் ஜாக்கும் வேணும், பாரமும் குறையோணும் எண்டா கோர்க் க்ரோஸ் 2 இருக்கு, 61 கீ, 3.8 கிலோ, 6 பற்றரி. ரோலண்ட் ஜூனோ டி.எஸ்61ம் பற்றரியில ஓடும், 5.3 கிலோ. ஆனா அதுகள் ஒரு படி மேல உள்ள சாமான், உங்கட காசுக்கு பழசாத்தான் தேடோணும்.

பிறகு பெண்ட் வீல், அதாவது வாசிக்கேக்க சுரத்தை மேலயும் கீழயும் வளைக்கிற சின்னச் சக்கரம். யமஹா ஈ373ஐ நான் பின்னுக்குத் தள்ளினது இதாலதான், அதில பெண்ட் வீல் இல்லை, ஜாக்கில கேசியோவை விட ஒரு படி மேல எண்டாலும் இந்த இடத்தில தோத்திடும். மேல்நாட்டுப் பாட்டு மட்டும் வாசிக்கிற ஆளுக்கு அது பெரிய குறையில்லை. எங்கட பாட்டுக்கு, அதுவும் அம்மன் கோயில்ல பக்திப் பாட்டுக்கு நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிக்கேக்க ஒரு சுரத்தில இருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகோணும், கீயை மட்டும் தட்டினா அது பள்ளிக்கூட மணி மாதிரித்தான் கேக்கும். எஸ்300ல வீல் இருக்கு, 3.3 கிலோதான் பாரம், தூக்க ஒரு கைபிடியும் வச்சிருக்கிறாங்கள். பக்கத்தில விக்கிற எஸ்200ஐ விலை குறைவு எண்டு எடுத்திடாதீங்கோ, அதில மெதுவாத் தட்டினாலும் உரக்கத் தட்டினாலும் ஒரே சவுண்ட்தான் வரும். இன்னும் கொஞ்சக் காசு சேந்தா யமஹா ஈ473 பாக்கலாம், வீலும் இருக்கு, எல் ஆர் ஜாக்கும் இருக்கு, மைக் குத்தவும் இடமிருக்கு, ஆனா பாரம் 7 கிலோ.

ட்ரான்ஸ்போஸ், அதாவது சுருதியைக் கூட்டிக் குறைக்கிற வேலை, எல்லாத்திலயும் இருக்கு, ஆனா அந்த பட்டன் எங்க இருக்கு எண்டு கடையிலயே தேடிப் பாருங்கோ, நாலு மெனுவுக்குள்ள ஒளிச்சிருந்தா மேடையில கரைச்சல். பாடுற பிள்ளை வந்து நிண்ட பிறகுதான் அண்ணை அஞ்சரைக் கட்டை வேண்டாம் அஞ்சு போதும் எண்டுவா. அஞ்சு எண்டா ஜி, அஞ்சரை எண்டா ஜி ஷார்ப், ஒரு தட்டில இறங்கக்கூடிய மாதிரி இருக்கோணும். அடுத்த பாட்டுக்கு அதைத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவும் மறக்கக்கூடாது.

பாரம் பற்றிக் கேட்டீங்கள், உண்மையா இண்டைக்கு 61 கீ எண்டா பாரம் ஒரு பிரச்சினையே இல்லை, நீளம்தான் பிரச்சினை. கிட்டத்தட்ட 3 அடி. முதுகில போடுற பை எண்டா தலைக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கும், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டு மரக் கொப்பு தட்டும், பின்னால ஒராள் இருந்து பிடிக்கிறதுதான் நல்லம். குழுவோட பட்டா லொறியில போறதெண்டா மேல கட்டுற சாமானோட போடாம உங்கட மடியில வச்சிருங்கோ. 88 கீ பியானோ ஆசையை இப்ப விடுங்கோ, ரோலண்ட் எஃப்.பி-10 12 கிலோவுக்கு மேல.

பழசு வேண்டேக்க ஒவ்வொரு கீயையும் கறுப்பு வெள்ளை விடாம மெல்லமாவும் உரக்கவும் தட்டிப் பாருங்கோ. எங்கட கிரவல் றோட்டுப் புழுதி கீக்குக் கீழ உள்ள ரப்பரிலயும் கரியிலயும் போய் ஒட்டினா சில கீ வேலை செய்யாது, சிலது மெல்லத் தட்டினாலும் கத்தும். துடைச்சு எடுக்கலாம், ஆனா விலையில குறைச்சுக் கேக்க உங்களுக்கு ஒரு நியாயம் வரும். வீலை மேல தள்ளி விட்டுப் பாருங்கோ சரியா நடுவுக்கு வருதோ எண்டு. ஜாக்கில வயரைக் குத்தி ஆட்டிப் பாருங்கோ, கரகரக்குதெண்டா சோல்டர் விட்டிருக்கு. பெடலைக் குத்தேக்க கால் வைக்காம ஓன் பண்ணுங்கோ, சில கீபோர்ட் அந்த நேரம்தான் பெடல் எந்தப் பக்கம் எண்டு பிடிக்கிறது, மிதிச்சுக்கொண்டு ஓன் பண்ணினா தலைகீழா வேலை செய்யும், பெடல் பழுதில்லை.

ஒண்டரை லட்சத்தையும் கீபோர்டுக்கே குடுத்திடாதீங்கோ. ரெண்டு பைப் வச்ச எக்ஸ் ஸ்டாண்ட், பெடல், நான் மேல சொன்ன வயர், தடிப்பான பை, சாச் பண்ணுற பற்றரி ரெண்டு செட், இதுகளுக்கு முதல் காசைப் பிரிச்சு வச்சிட்டு மிச்சத்தோட கடைக்குப் போங்கோ. எக்ஸ்.பி.எஸ் ஒண்டு எங்கயும் பாத்தீங்கள் எண்டா வேண்ட முதல் கீழ எழுதுங்கோ, பின்பக்கப் படத்தோட.