அவுட்லுக் உறைந்து நின்றால்: கேள்வி பதில்

மின்னஞ்சலும் நாட்காட்டியும் அவுட்லுக் என்ற ஒரே நிரலில் இருப்பதால், அது நின்றுவிட்டால் அன்றைய வேலையும் நின்றுவிடுகிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை விண்டோஸில் ஓடும் கிளாசிக் அவுட்லுக் (மைக்ரோசாஃப்ட்டின் 'புதிய அவுட்லுக்' அல்லாத பழைய வடிவம்) பற்றியவை. தண்டர்பேர்டு என்ற வேறொரு அஞ்சல் நிரலைப் பயன்படுத்துபவர் ஒருவரும் கேட்டிருக்கிறார். எதையாவது அழிக்கவோ மாற்றவோ சொல்லும் இடங்களில், முதலில் எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கேள்வி: அவுட்லுக்கைத் திறந்தால் 'லோடிங் புரொஃபைல்' என்று காட்டிவிட்டு அங்கேயே நிற்கிறது. மொத்தமாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவிவிடலாமா?

வேண்டாம். நிரலை நீக்கினாலும் உங்கள் புரொஃபைலும் (கணக்கு அமைப்புகளின் தொகுப்பு) அஞ்சல்கள் உள்ள தரவுக் கோப்பும் கணினியிலேயே இருக்கும். கோளாறு அவற்றில் இருந்தால் புதிதாக நிறுவிய அவுட்லுக்கும் அதே இடத்தில்தான் போய் நிற்கும்.

முதலில், ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, முன்பு மூடிய அவுட்லுக் இன்னும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முடித்துவிட்டு, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே அவுட்லுக் சின்னத்தைச் சொடுக்குங்கள். சேஃப் மோடில் திறக்கலாமா என்று கேட்கும், 'யெஸ்' கொடுங்கள். இந்த நிலையில் ஆட்-இன்கள், அதாவது அவுட்லுக்கோடு சேர்ந்து இயங்கும் துணை நிரல்கள், ஏறாது. இப்போது தடையில்லாமல் திறந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஒரு ஆட்-இன்தான். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே 'காம் ஆட்-இன்ஸ்' பக்கத்தில் உள்ள 'கோ' பொத்தானை அழுத்தினால் பட்டியல் வரும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு முறையும் அவுட்லுக்கை மூடித் திறந்து பாருங்கள்.

பட்டியல் நீளமாக இருந்தால், கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவன்ட் வியூவர் உங்கள் வேலையைக் குறைக்கும். அதில் அப்ளிகேஷன் பதிவுக்குள், அவுட்லுக் எழுதிய 45 என்ற எண் கொண்ட பதிவைத் திறந்தால், எந்த ஆட்-இன் ஏறுவதற்கு எத்தனை மில்லிவினாடி எடுத்தது என்று வரிவரியாக இருக்கும். திறக்கும்போது வழக்கமாக 1000 மில்லிவினாடிக்கு மேல் எடுக்கும் ஆட்-இன்னை அவுட்லுக் தானாகவே முடக்கும். ஆனால் வேகமாக ஏறிவிட்டு, அஞ்சல் அனுப்பும்போது தொல்லை தருகிற ஆட்-இன் அந்த வலையில் சிக்காது. அதனால் அந்தப் பட்டியலை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சேஃப் மோடிலும் அதே இடத்தில் நின்றால், கன்ட்ரோல் பேனலில் 'மெயில்' என்ற பகுதியைத் திறந்து புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். பழையதை அழிக்காமல் வைத்திருங்கள். புதியது சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு அதைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அஞ்சல் எல்லாம் நன்றாக வருகிறது. நாட்காட்டிக்கு மாறினால்தான் ஒரு நிமிடம் வரை எதுவும் நகர்வதில்லை. குழுவில் பலருடைய நாட்காட்டிகளைத் திறந்து வைத்திருக்கிறேன்.

காரணத்தை நீங்களே கடைசி வரியில் சொல்லியிருக்கலாம். இடப்பக்கம் டிக் செய்திருக்கும் நாட்காட்டி ஒவ்வொன்றையும் அவுட்லுக் தேடிப் பிடித்துக் காட்ட வேண்டும். அதில் ஒன்று உங்களுக்கு இப்போது அனுமதி இல்லாததாகவோ, அலுவலகத்தை விட்டுப் போனவருடையதாகவோ இருக்கலாம். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, உங்களுடையதை மட்டும் வைத்துப் பாருங்கள். வேகம் திரும்பினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துவந்தால், எதில் நிற்கிறது என்று கையோடு தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு என்றால், கணக்கு அமைப்புகளின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஷேர்டு கேலண்டர் இம்ப்ரூவ்மென்ட்ஸ்' என்ற தேர்வு இருக்கும். அது இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் நாட்காட்டி மட்டும் திறந்திருந்தும் நிற்கிறது என்றால், முடிவுத் தேதி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் கூட்ட அழைப்புகளைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு வாரமும் நேரத்தை மாற்றி, அறையை மாற்றி, நிகழ்ச்சி நிரலை இணைத்து அனுப்பியிருப்பார்கள். அந்த மாற்றங்களும் இணைப்புகளும் தொடரின் ஒரே பதிவுக்குள்தான் சேர்ந்துகொண்டே போகின்றன. 'வியூ' பகுதியில் பட்டியல் காட்சிக்கு மாறினால் தொடர் கூட்டங்கள் தனியாகத் தெரியும். காகிதக் கிளிப் சின்னம் உள்ளவற்றை முதலில் திறந்து பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தால், கூட்டத்தை நடத்துபவர் அதற்கு முடிவுத் தேதி கொடுத்துவிட்டு, புதிய தொடர் ஒன்றைத் தொடங்கலாம். தொடரையே அழித்தால் எல்லோருக்கும் ரத்து அறிவிப்பு போகும். பழைய பதிவுகளும் மறைந்துவிடும். முடிவுத் தேதியை மாற்றும்போது, தனியாக மாற்றிய நாட்களின் விவரம் போய்விடும் என்று எச்சரிக்கை வந்தால் நிறுத்துங்கள். அவற்றில் தேவையானதைக் குறித்துக்கொண்ட பிறகு தொடருங்கள்.

கேள்வி: என் பிஎஸ்டி கோப்பு 40 ஜிபியை நெருங்குகிறது. 50 வரை போகலாம் என்கிறார்களே, பிறகு ஏன் நிற்கிறது?

பிஎஸ்டி என்பது அவுட்லுக் உங்கள் அஞ்சல்களைக் கணினியில் சேமித்துவைக்கும் கோப்பு. 50 ஜிபி என்பது அவுட்லுக் 2010 முதல் அதற்கு வைத்திருக்கும் வரம்பு. அதற்கு முந்தைய 2003, 2007 பதிப்புகளில் 20 ஜிபி. அதற்கும் முந்தைய வடிவக் கோப்புகளில் 2 ஜிபிதான். வரம்புக்குள் இருப்பது வேறு, வசதியாக ஓடுவது வேறு. 5 ஜிபி வரை பெரும்பாலான கணினிகளில் சிரமம் இருக்காது. 10ஐத் தாண்டினால் கோப்புறை மாறும்போது சின்னச் சின்னத் தடங்கல்கள் வரும். 25ஐத் தாண்டினால் அது அடிக்கடி நடக்கும். பழைய சுழல் வட்டு உள்ள கணினியில் இன்னும் முன்பே தெரியும்.

ஆண்டுவாரியாகத் தனி பிஎஸ்டி கோப்புகளை உருவாக்கி, பழைய அஞ்சல்களை அவற்றுக்கு நகர்த்துங்கள். தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும். ஒரே கோப்புறையில் லட்சம் அஞ்சல் குவிந்திருந்தாலும் இதே தொல்லை வரும். கோப்பின் மொத்த அளவு சிறியதாக இருப்பது அப்போது உதவாது.

அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அலுவலக நெட்வொர்க்கில் உள்ள பகிர்வுக் கோப்புறையில் பிஎஸ்டியை வைத்து அன்றாடம் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. கிளவுடுடன் ஒத்திசைக்கும் கோப்புறையில் வைத்தாலும் சிக்கல்தான்: அவுட்லுக் கோப்பைப் பிடித்திருக்கும்போதே ஒத்திசைவு நிரலும் அதைப் பிடிக்கப் பார்க்கும்.

கோப்பு சிதைந்திருக்கும் என்று தோன்றினால் அவுட்லுக்குடன் வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற பழுதுபார்க்கும் கருவியை ஓட்டலாம். அதற்கு முன் கோப்பின் நகல் ஒன்றை வேறு வட்டில் கட்டாயம் எடுத்துவையுங்கள். படிக்க முடியாத பகுதிகளை இந்தக் கருவி விட்டுவிடக்கூடும். பிழை எதுவும் இல்லை என்று சொல்லும்வரை மறுபடி மறுபடி ஓட்டுங்கள்; ஒரே முறையில் எல்லாம் சரியாவது அரிது.

கேள்வி: ஓஎஸ்டி கோப்பை அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் பலர் கேட்காமலேயே அழித்துவிடுகிறார்கள். உங்களுடையது எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டின் அலுவலக அஞ்சல் சர்வர்) அல்லது மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு என்றால், ஓஎஸ்டி என்பது சர்வரில் இருப்பதன் நகல். நண்பர் சொல்வது சரிதான். ஐமேப் (அஞ்சலை மட்டும் சர்வரோடு ஒத்திசைக்கும் முறை) கணக்கு என்றால் நிலைமை வேறு. அஞ்சல்கள் சர்வரில் இருக்கும். ஆனால் நீங்கள் அவுட்லுக்கில் சேர்த்த நாட்காட்டிக் குறிப்புகளும் தொடர்புகளும் சர்வருக்குப் போவதே இல்லை. 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்ற குறிப்போடு கோப்புறைகள் தெரிந்தால், அவற்றில் உள்ளவை அந்த ஓஎஸ்டி கோப்பில் மட்டுமே உண்டு. கோப்பு போனால் அவையும் போயிற்று.

ஆகவே முதலில் உலாவி வழியாக உங்கள் அஞ்சல் பெட்டிக்குள் போய், நாட்காட்டியில் உள்ளதெல்லாம் அங்கேயும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாதவற்றை பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அவுட்பாக்ஸில் போகாமல் கிடக்கும் அஞ்சல்களையும் கவனியுங்கள். பிறகு அவுட்லுக்கை மூடி, ஓஎஸ்டியை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். திரும்பத் திறக்கும்போது புதிய கோப்பு உருவாகி, சர்வரிலிருந்து எல்லாம் இறங்கும். பெரிய பெட்டி என்றால் நேரம் பிடிக்கும். எக்ஸ்சேஞ்ச் கணக்கில், எத்தனை மாத அஞ்சல்களைக் கணினியில் வைத்துக்கொள்வது என்பதற்கு ஒரு நகர்த்தி இருக்கும். அதை ஓராண்டுக்கோ அதற்குக் குறைவாகவோ வைத்தால் கோப்பு மறுபடி வீங்காது. பழையவை சர்வரில் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: எங்கே சொடுக்கினாலும் 'டிங்' என்று ஒலி மட்டும் வருகிறது. மடிக்கணினியை வெளித்திரையிலிருந்து கழற்றிய பிறகுதான் இப்படி.

அவுட்லுக் உறையவில்லை, உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறது. கடவுச்சொல் கேட்கும் பெட்டியோ எச்சரிக்கைப் பெட்டியோ கழற்றிய திரை இருந்த பக்கம் திறந்திருக்கும். ஆல்ட் டேப் அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்துங்கள். பெட்டி இந்தத் திரைக்கு வரும். வராவிட்டால் எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: படங்கள் நிறைந்த அஞ்சலைத் திறந்தால் சாளரம் வெள்ளையாகி நின்றுவிடுகிறது.

அஞ்சலைத் திறக்காமலே உள்ளடக்கத்தைக் காட்டும் ரீடிங் பேனை நிறுத்திவிட்டு, வெளிப்படங்கள் தானாக இறங்காதபடி வைத்துப் பாருங்கள். திரைக்கான டிரைவரைப் புதுப்பியுங்கள். ஆப்ஷன்ஸில் 'ஹார்டுவேர் கிராஃபிக்ஸ் ஆக்ஸலரேஷன்' தேர்வு உங்கள் பதிப்பில் இருந்தால் அதை முடக்கிப் பார்ப்பதும் பயன் தரும்.

கேள்வி: நான் தண்டர்பேர்டு பயன்படுத்துகிறேன். இன்பாக்ஸைத் திறந்தாலே திணறுகிறது.

தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு கோப்புறையின் அஞ்சல்கள் முழுவதையும் ஒரே கோப்பில் எழுதிவைக்கிறது. நீங்கள் அழித்த அஞ்சலும் உடனே அதிலிருந்து வெளியேறாது. அழிந்தது என்ற அடையாளம் மட்டும் விழும். கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி 'காம்பாக்ட்' கொடுத்தால்தான் இடம் உண்மையில் விடுபடும். பல மாதம் அதைச் செய்யாத இன்பாக்ஸ் திணறுவதில் வியப்பில்லை. அதன் பிறகும் பட்டியல் தாறுமாறாகத் தெரிந்தால் கோப்புறையின் 'புராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'ரிப்பேர் ஃபோல்டர்' இருக்கிறது. வைரஸ் தடுப்பு நிரலையும் பாருங்கள்: ஒரு புதிய அஞ்சல் வந்ததற்கே அது முழு இன்பாக்ஸ் கோப்பையும் அலசிக்கொண்டிருக்கலாம். புரொஃபைல் கோப்புறைக்கு விலக்கு கொடுக்கலாம், நிரலையே நிறுத்திவிடாதீர்கள். இணைய நாட்காட்டி சேர்த்திருந்தால் அதன் பண்புகளில் 'ஆஃப்லைன் சப்போர்ட்' இயங்கட்டும். அப்போது சர்வர் தாமதித்தாலும் ஏற்கெனவே இறங்கிய குறிப்புகள் உடனே தெரியும்.

கேள்வி: 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது? நான் உடனே டாஸ்க் மேனேஜரில் முடித்துவிடுகிறேன்.

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், டாஸ்க் மேனேஜரில் அவுட்லுக் வரியைப் பாருங்கள். சிபியு, டிஸ்க் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அது ஏதோ வேலையில் இருக்கிறது, விட்டுவிடுங்கள். இரண்டும் சில நிமிடங்கள் பூஜ்யத்திலேயே கிடந்தால், மறைந்திருக்கும் பெட்டி ஏதுமில்லை என்று பார்த்துக்கொண்டு முடித்துவிடலாம். கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் பிஎஸ்டி சிதைய வாய்ப்புண்டு. அடுத்த முறை திறக்கும்போது, கோப்பு முறையாக மூடப்படவில்லை, சரிபார்க்கிறேன் என்று அவுட்லுக் சொல்லும். அந்த நேரத்தில் மெதுவாக இருப்பதும் இயல்பே. அப்போதும் பொறுக்காமல் மறுபடி முடித்துவிட்டால், சரிபார்ப்பு முதலிலிருந்து தொடங்கும்.