ஸ்கேன் அறிக்கையில் அப்பாவுக்கு ‘மூளைச் சுருக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். மறதி நோய் வந்துவிட்டதா?

அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தவன் நான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததால் எடுத்த ஸ்கேன் அது. எலும்பு முறிவில்லை, இரத்தக்கசிவில்லை. கடைசி வரியில் மட்டும் ‘வயது சார்ந்த மூளைச் சுருக்கம்’. மறுநாள் விடிந்ததும் அம்மா வாசலில் பால்காரரை நிறுத்தி, 12ஆம் தேதி பால் போடாததற்குக் காசைக் கழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் தேதி நினைவே இல்லை.

நரம்பியல் மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகள் சற்று விரிந்திருந்தன, மடிப்புகளுக்கிடையே பள்ளம் அகன்றிருந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூளை ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் சுருங்குவது இயல்புதானாம். மறதி நோயான அல்சைமரில் கதை வேறு: நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை கரையும். ஆகவே எந்த இடம், எவ்வளவு வேகம் என்று கேளுங்கள். ஒரே ஒரு படம் வேகத்தைச் சொல்லாது.

படத்தை மட்டும் நம்பவும் முடியாது. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களில் ஒருவர் 101 வயதில் இறக்கும்வரை நினைவுத் தேர்வுகளில் நன்றாகவே தேறியவர். இறந்தபின் பார்த்தால் மூளை நிறைய அல்சைமர் படிவுகள்! என் பெரியப்பா நேர்மாறு. அவருடைய அறிக்கையிலும் அதே ‘வயது சார்ந்த’ வரிதான் இருந்தது. அவரோ முப்பது வருடம் நடந்த ரேஷன் கடைப் பாதையில் வழி தெரியாமல் நின்றார். எனவே அறிக்கையைவிட அப்பாவைக் கவனியுங்கள்: பணம் எண்ணுகிறாரா, மாத்திரை வேளை தவறுகிறதா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? தடுமாற்றம் தெரிந்தால் வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகளை முதலில் செய்துவிடுங்கள். அந்தக் குறைபாடுகளால் வரும் மறதிக்கு மருந்து இருக்கிறது.

அப்பாவும் விழுந்துதான் ஸ்கேன் எடுத்தீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். மூளை சுருங்கும்போது மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடி, குறுக்கே ஓடும் சிரை இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான இடியிலும் அவை கசியலாம். அந்தக் கசிவு முதல் ஸ்கேனில் தெரியாமல், சில வாரங்கள் கழித்துத் தலைவலி, அளவுமீறிய தூக்கம், பேச்சுக் குழறல், நடைத் தள்ளாட்டம் என்று தலைகாட்டும். அப்படி ஏதாவது கண்டால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றே மறுபடி ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.